பி குப்பியும் பதினொரு மணி மோரும்

ஜனவரி 6, செவ்வாய்

தோள்பட்டை வலிக்கு ஒரு தைலம் எழுதி வாங்கலாம் என்று டாக்டர் ஷகிலாவிடம் போனேன். அந்த அம்மா தோளைத் தொடவே இல்லை. கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். மேலே நூற்று எழுபத்திரண்டு, கீழே நூற்று நான்கு.

"சார், இது நல்லாயில்ல. இன்னிக்கே மாத்திரை ஆரம்பிச்சிடணும்."

"இந்த மெஷினைக் கடைசியா எப்ப சரிபார்த்தீங்க?" என்று கேட்டேன். முறைத்தார்.

கேட்டதில் என்ன தப்பு? முப்பத்தொரு வருஷம் முத்திரை ஆய்வாளராக இருந்தவன் நான். திருச்சி ஜில்லாவில் எத்தனை தராசு, எத்தனை படிக்கல்லைச் சோதித்து அரசு முத்திரை குத்தியிருப்பேன். முத்திரை இல்லாத எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை.

சீட்டு எழுதிக் கொடுத்தார். கோழி கிளறிய மாதிரி ஒரு கையெழுத்து. என்ன மாத்திரை என்று படிக்க முடியவில்லை, படிக்கவும் முயலவில்லை. இந்த டைரியின் பின்னட்டைக்குள் செருகி ரப்பர் பேண்டு போட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் மைசூரில் தேசிய மூத்தோர் தடகளம். அறுபது வயதுக்கு மேற்பட்டோர், ஐந்தாயிரம் மீட்டர் நடைப் போட்டி. பிரஷர் என்ற வார்த்தை என் மனைவி ரஞ்சிதத்தின் காதில் விழுந்தால் முதல் நாள் ஊறுகாய் போகும், மறுநாள் அப்பளம், மூன்றாம் நாள் நடை. ஆகவே முடிவு: மாத்திரையும் இல்லை, பேச்சும் இல்லை. இந்த விஷயம் டாக்டருக்கும் எனக்கும் இந்த டைரிக்கும் மட்டுமே தெரியும்.

ஜனவரி 8, வியாழன்

செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் மஞ்சள் கறை, கட்டைவிரல் அளவுக்கு. சாப்பிட்ட கையோடு எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாதே. ரப்பர் பேண்டும் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறது. நான் ஒரு சுற்றுத்தான் போடுவேன் என்று நினைவு. வயதாகிறது.

ஜனவரி 10, சனி

வீட்டில் புது வழக்கம். காலை பதினொரு மணிக்கு ரஞ்சிதம் ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றாள். கல்யாணமான புதிதில்கூட இப்படி நின்றதில்லை.

"லேசா கசக்குதே?"

"வெந்தயம்தான். உடம்புக்கு நல்லது, குடிங்க."

அடி வண்டலைக்கூட விடாமல் கலக்கிக் குடிக்க வைத்தாள். மனைவியின் அன்பு சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 24, சனி

காலையில் எழும்போது இருந்த தலைபாரம் போயே போய்விட்டது. எல்லாம் நடையின் மகிமை. டாக்டர் ஷகிலா ஒருநாள் மைதானத்துக்கு வந்து என்னைப் பார்க்க வேண்டும்.

ஒரே தொந்தரவு, அடிக்கடி ஒன்றுக்கு வருகிறது. பயிற்சிக்கு நடுவே மூன்று முறை ஓடினேன். பிலவேந்திரன் சிரித்தான். "யோவ் முத்திரை, நீ நடக்குறதவிட இதுக்கு ஓடுறதுதான்யா வேகம்!"

பிலவேந்திரன் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆறு வருஷமாக என் எதிரி. தினமும் காலையில் ஒரே டீக்கடையில்தான் டீ குடிப்போம்.

சமையலறைக் கதவில் தொங்கும் மாதக் காலண்டரில் பத்தாம் தேதியிலிருந்து தினமும் ஒரு டிக் போட்டிருக்கிறது. பால்காரனுக்காக இருக்கும். ரஞ்சிதம் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கேட்டதற்கு வெயில் என்றாள். ஜனவரியில் என்ன வெயிலோ.

பிப்ரவரி 7, சனி. மைசூர்

தங்கம்!

இருபத்தொன்பது நிமிடம் நாற்பத்தொரு விநாடி. பிலவேந்திரன் ஆறு விநாடி பின்னால் வந்து வெள்ளி. கடைசிச் சுற்றில் அவன் மூச்சு என் பிடரியில் பட்டது. இடுப்பை ஆட்டினேன் பாருங்கள், ஓரத்தில் நின்ற கல்லூரிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிக்கட்டும். நடைப் போட்டியில் இடுப்பு ஆடாமல் ஜெயித்தவன் எவனும் கிடையாது.

மூச்சு வாங்குவதற்குள் சீருடை போட்ட ஒரு அதிகாரி வந்து, ஊக்கமருந்துச் சோதனைக்கு வரவேண்டும் என்றார். எனக்கும் பிலவேந்திரனுக்கும். பெருமையாக இருந்தது. தெருவில் போகிறவனையா சோதிப்பார்கள்?

அந்த ஏற்பாட்டைப் பார்த்து அசந்துவிட்டேன். சீல் வைத்த பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. எதை வேண்டுமானாலும் நாமே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் ஏ, பி என்று இரண்டு கண்ணாடிக் குப்பிகள், ஒரே எண். அதிகாரி பார்த்துக்கொண்டே நிற்க, நாம் ஒரு கோப்பையில் போகவேண்டும். பிறகு நம் கையாலேயே இரண்டு குப்பியிலும் ஊற்றி மூடியைத் திருக வேண்டும். டிக் டிக் என்று பூட்டிக்கொள்கிறது. அப்புறம் மூடியை உடைக்காமல் தெய்வமே வந்தாலும் திறக்க முடியாது. ஏ குப்பியை முதலில் சோதிப்பார்களாம். அதில் ஏதாவது தெரிந்து, நாம் மறுத்தால், பி குப்பியை நம் கண் முன்னால் திறப்பார்களாம். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் வழக்கே கிடையாது. இப்படி ஒரு நேர்மையான ஏற்பாட்டை என் இலாகாவில்கூடப் பார்த்ததில்லை.

கடந்த ஏழு நாளில் உட்கொண்ட மருந்துகள் என்ற கட்டத்தில் 'எதுவும் இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். கீழே இட்லி, மோர் என்றும் சேர்த்தேன். "சாப்பாடு எழுத வேண்டாம் சார்" என்றார் அதிகாரி.

எனக்கு நாலே நிமிடத்தில் முடிந்தது. பிலவேந்திரனுக்கு மூன்று மணி நேரம், ஏழு பாட்டில் தண்ணீர். அதிலும் நான்தான் முதல்.

வெளியே வந்தால் ரஞ்சிதம் ஃப்ளாஸ்கில் மோரோடு நிற்கிறாள். "என்னங்க, எதுக்கு ஒண்ணுக்கை எல்லாம் பிடிக்கிறாங்க?" என்று கேட்டாள். விளக்கிச் சொன்னேன். அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும்வரை அவள் வாயே திறக்கவில்லை. என் வெற்றியில் நெகிழ்ந்துவிட்டாள்.

மார்ச் 5, வியாழன்

கடிதம் வந்தது. என் ஏ குப்பியில் தடை செய்யப்பட்ட மருந்து இருக்கிறதாம். ஹைட்ரோகுளோரோதயசைடு. சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு சுற்று நடந்துவிடலாம். பதக்கம் வீட்டில் இருந்தாலும், முடிவு தெரியும்வரை அது என்னுடையது இல்லையாம். பி குப்பியைத் திறக்க வேண்டுமா என்று ஒரு வாரத்துக்குள் சொல்ல வேண்டும்.

முப்பத்தொரு வருஷத்தில் கால் கிராம் குறைத்தவனையும் நான் விட்டதில்லை. என்னைப் போய்க் கள்ளன் என்கிறார்கள்.

மார்ச் 6, வெள்ளி

கம்ப்யூட்டர் சென்டரில் விசாரித்தேன். அது நீர் பிரிய வைக்கும் மருந்தாம். வேறு மருந்தை உடம்பிலிருந்து கழுவி மறைக்க உதவும் என்பதால் தடையாம். மற்றபடி பிரஷர்காரர்களுக்குக் கொடுப்பதாம்.

பிரஷர்! எனக்குப் பிரஷர் என்பது டாக்டருக்கும் எனக்கும் டைரிக்கும்தான் தெரியும். நான் சொல்லவில்லை. டைரிக்கு வாயில்லை. ஆக டாக்டர் ஷகிலாவும் பிலவேந்திரனும் கூட்டு! போட்டிக்கு முன் பிலவேந்திரன் கொடுத்த கடலைமிட்டாய்க் காகிதம் பை ஓரத்தில் கிடந்தது. உறையில் போட்டு, அரக்கு வைத்து முத்திரையிட்டுவிட்டேன்.

மார்ச் 7, சனி

ரஞ்சிதத்திடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"பிரஷர் மருந்தாலயா பதக்கத்தைப் பிடுங்குறாங்க?"

பிரஷர் மருந்து என்று நான் சொல்லவே இல்லை. டி.வி.யில் பார்த்திருப்பாள்.

"பி குப்பியைத் திறக்கச் சொல்லப் போறேன்" என்றேன்.

"அது எதுக்குங்க? ரெண்டும் ஒரே ஆளோட ஒண்ணுக்குத்தானே? ஒரே பானைச் சோத்தை ரெண்டு தட்டுல போட்டா ருசி மாறிடுமா? பேசாம ஒத்துக்கிட்டு விட்டுடுங்க."

"செய்யாத தப்பை ஒத்துக்கச் சொல்றியா?"

கீழே கிடந்த கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ரொம்பப் பயந்திருக்கிறாள், பாவம்.

மார்ச் 8, ஞாயிறு

இன்று மோர் கசக்கவில்லை. வெந்தயம் தீர்ந்துவிட்டதாம்.

மார்ச் 11, புதன்

நாலு நாளாக மோர் நன்றாக இருக்கிறது. தலைதான் விண்விண் என்று தெறிக்கிறது. மனவேதனை. பாத்ரூமில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டேன். ரஞ்சிதம் ஓடிவந்து தாங்கினாள். என்னைவிட அவளுக்குத்தான் அதிகமாக வியர்த்தது.

பி குப்பியைத் திறக்கச் சொல்லி எழுதி அனுப்பிவிட்டேன். நேரில் வருகிறேன் என்றும் எழுதினேன்.

மார்ச் 12, வியாழன்

மோர் மறுபடி கசக்கிறது. வெந்தயம் வாங்கியாகிவிட்டதாம். குடித்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் நறுக்கிய கண் என்றாள். இன்று வீட்டில் வெங்காயம் போட்டு எதுவும் சமைக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

பிலவேந்திரன் கேக்கோடு வந்தான். நான் தொடவில்லை.

"யோவ் முத்திரை, நீ மருந்து அடிக்கிற ஆளா? அந்த அளவுக்கு உனக்கு விவரம் ஏதுய்யா? பி-யைத் திறந்து நிரூபி. உன்னை மைதானத்துல ஜெயிச்சு வாங்கணும்யா நான். தபால்ல வர்ற தங்கம் எனக்கு வேணாம்."

இது நடிப்பு என்றால் பெரிய நடிப்பு. அவன் போனபிறகு கேக்கில் ஒரு துண்டு சாப்பிட்டேன். அரக்கு வைத்த உறையையும் பிரித்துவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய். டெல்லி

இரண்டு நாள் ரயில் பயணம். என் தரப்புப் பிரதிநிதியாக ரஞ்சிதம். விதியில் இடமிருக்கிறது. ஃப்ளாஸ்கும் வந்திருக்கிறது.

ஆய்வகத்தில் நல்ல வேளையாக நாமக்கல்லைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் அம்மா இருந்தார். பி குப்பியை உறைநிலைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து மேசைமேல் வைத்தார்கள். ஏ குப்பியைச் சோதித்தவர்கள் இதைத் தொடமாட்டார்களாம். படிவத்தில் என் கையெழுத்தும் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள்.

நான் சர்வீஸ் கால பூதக்கண்ணாடியை எடுத்தேன். எண்ணை மூன்று முறை படித்தேன். மூடியைச் சுற்றிலும் பார்த்தேன், தலைகீழாகவும் பார்த்தேன். கீறல் இல்லை. நெம்பிய தடம் இல்லை. முக்கால் மணி நேரம்.

"திருப்தியா சார்?" என்றார் அந்த அம்மா.

"அம்மா, இந்த முத்திரையில குத்தம் சொல்றவன் முட்டாள்" என்றேன். சொன்னபிறகுதான் உறைத்தது, எனக்கிருந்த ஒரே வாதத்தை நானே கொன்றுவிட்டேன் என்று.

மூடியை உடைக்கும் கருவியில் குப்பியைப் பொருத்தினார்கள். அந்த நேரம் பார்த்து ரஞ்சிதம் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "திறக்க வேணாங்க. ஊருக்குப் போயிடலாம் வாங்க."

"பயப்படாத. நான் எதுவும் சாப்பிடல. என் மனசாட்சி சுத்தம்" என்றேன். அவள் அந்த ஆய்வாளர் அம்மாவைப் பார்த்தாள், அவர் ரஞ்சிதத்தின் கையிலிருந்த ஃப்ளாஸ்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து ஏனோ பெருமூச்சு விட்டார். மூடி படீரென்று உடைந்தது. கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மீதியை மறுபடி முத்திரையிட்டார்கள். கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 30, திங்கள்

பி-யிலும் அதே மருந்து. இரண்டும் ஒத்துப்போகிறதாம்.

மார்ச் 31, செவ்வாய்

இது நான், ரஞ்சிதம். நீங்கள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு படுத்திருக்கிறீர்கள். பார்க்க முடியவில்லை. நேரில் சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் இதில் எழுதுகிறேன்.

மாத்திரையை மோரில் பொடித்துக் கலந்தது நான்தான். ஜனவரி ஏழாம் தேதி டைரியைப் படித்தேன். பத்து வருஷமாகவே படிக்கிறேன், அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். "அவருக்குத் தெரிந்தே கொடுங்கள்" என்றார். அதை மட்டும் செய்யவில்லை. தெரிந்தால் குடிப்பீர்களா? எனக்கு ஒண்ணுமில்ல, எனக்கு ஒண்ணுமில்ல என்று சொல்லிச் சொல்லியே என் பெரியண்ணன் பாத்ரூமில் விழுந்தார். ஏழு வருஷமாக எழுந்திருக்கவில்லை. அண்ணி அவருக்கு ஸ்பூனில் ஊட்டுவதை நீங்களும்தான் பார்க்கிறீர்கள்.

மைசூரில் நீங்கள் விளக்கியபோது பயம் தட்டியது, ஆனால் பிரஷர் மாத்திரைக்கே பதக்கம் போகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு நாலு நாள் நிறுத்தினேன். நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பதக்கம் போனால் போகட்டும் என்று மறுபடி கலந்தேன். நாளைக்கும் கலப்பேன்.

ஏப்ரல் 1, புதன்

மோர் குடிக்கவில்லை. பேசவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

குடிக்கவில்லை. பேசவில்லை. டெல்லிவரை போய் ஒரு குப்பியின் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். என் டைரிக்கு ரப்பர் பேண்டு!

ஏப்ரல் 4, சனி

மருந்துக்கடையில் போய்ப் பிரஷர் பார்த்தேன். நூற்று அறுபத்தாறு. அந்த மெஷினில் சரிபார்ப்புச் சான்று ஒட்டியிருந்தது, போன மாதத் தேதி. வேறு வழியில்லை, நம்பித்தான் ஆகவேண்டும்.

வழியில் ரஞ்சிதத்தின் அண்ணன் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கைதான் அசைகிறது.

வீட்டுக்கு வந்ததும், "மணி பதினொண்ணரை ஆச்சே, மோர் எங்க?" என்று கேட்டேன். ரஞ்சிதம் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. வெங்காயம் என்று யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

விசாரணை, கணினித் திரையில். மூன்று பேர் குழு. தமிழில் பெயர்த்துச் சொல்ல ஒருவர்.

மருந்து எப்படி உடம்புக்குள் போனது என்பதை நிரூபிக்க வேண்டும். என் டைரியைக் காட்டினேன். மோர் கசந்தது, நின்றது, மறுபடி கசந்தது, எல்லாம் தேதியோடு இருக்கிறது. ரஞ்சிதம் சமையலறைக் காலண்டரைச் சுருட்டிக் கொண்டுவந்து விரித்தாள். ஜனவரி பத்திலிருந்து தினமும் டிக். மார்ச் எட்டிலிருந்து பதினொன்றுவரை டிக் இல்லை. குழுத் தலைவர் டைரியையும் காலண்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இரண்டும் ஒத்துப்போகிறது" என்றார். அவர் உதட்டில் சிரிப்பு இருந்தது.

ஆனாலும் விதி விதிதான். தெரிந்தோ தெரியாமலோ, உடம்பில் இருந்தால் நம் பொறுப்பு. நமக்குச் சமைத்துப் போடுபவர் செய்ததும் நம் பொறுப்பு. 'உங்கள் மனைவி தருவதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் விசாரித்திருக்க வேண்டும்' என்று அந்த மொழிபெயர்ப்பாளர் சொன்னபோது ரஞ்சிதம் எழுந்துவிட்டாள்.

"முப்பத்தாறு வருஷமா நான் போட்டதைச் சாப்பிட்டுத்தான் சார் அவரு நடந்தாரு. உங்க பதக்கத்தை நீங்களே வச்சுக்குங்க. எனக்கு ஆளு வேணும்."

இதை எப்படி மொழிபெயர்த்தார்களோ தெரியவில்லை. தீர்ப்பு: மைசூர் முடிவு ரத்து, எனக்கு எச்சரிக்கை, தடை கிடையாது.

ஏப்ரல் 19, ஞாயிறு

பதக்கத்தைத் திருப்பி அனுப்புமுன் பிலவேந்திரனிடம் காட்டினேன். இனி அவனுடையதுதானே. கழுத்தில் போட்டுப் பார்த்துவிட்டு உடனே கழற்றினான். "அடுத்த வருஷம் நேரா வாய்யா" என்றான். கடலைமிட்டாய் விவகாரத்தைச் சொன்னேன். டீ புரையேறும்வரை சிரித்தான்.

ஏப்ரல் 20, திங்கள்

இருவருமாக டாக்டர் ஷகிலாவிடம் போனோம். கதையைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "போட்டிக்குப் போறேன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பட்டியல்ல இல்லாத வேற மாத்திரை குடுத்திருப்பேனே சார்!" புதுச் சீட்டு எழுதினார். இந்த முறை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டச் சொன்னேன்.

எழுந்திருக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. "இவளுக்கும் பாருங்க டாக்டர். அடிக்கடி தைலம் தேய்ச்சுக்கறா."

ரஞ்சிதம் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணுமில்லங்க!"

பட்டையைச் சுற்றினார். நூற்று எழுபத்திரண்டு, நூற்று நான்கு. ஜனவரியில் எனக்கு வந்த அதே எண். இரண்டும் ஒத்துப்போகிறது.

வழியெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். மெஷின் சரியில்லையாம். வெயிலாம். டாக்டரம்மா அவசரப்படுகிறாராம். மாத்திரை எல்லாம் வேண்டாமாம். அவள் சீட்டை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள். அரிசி டப்பாவில்தான். நான் எடுத்துவிட்டேன். மருந்துக்கடைக்கும் போய்வந்தாகிவிட்டது.

இந்த டைரிக்கு இனி ரப்பர் பேண்டு போடப்போவதில்லை. ரஞ்சிதம், நாளைக்கு வழக்கம்போல் இதை எடுத்துப் படிப்பாய். நாளைக் காலையில் காபி நான் போடுகிறேன். குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன். லேசாகக் கசக்கும்.

வெந்தயம்தான்.